புது முழங்காலும் நம் லயத்துக் காம்பராவும்

(தோட்ட சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)

இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். வாசலில் நிற்கிற ஆம்பிளைகள் உள்ளே வந்து உட்காருங்கள். மாதர் சங்கக் கூட்டம் என்றாலும் இன்றைக்குப் பேசப் போவது பொம்பிளைகள் விஷயம் மட்டும் இல்லை.

நம் தோட்டத்தில் 50 வயசு தாண்டி முழங்கால் வலி இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். விடியக்காலையில் பிரட்டுக்கு இறங்கி, அங்கிருந்து மலைக்கு ஏறி, சரிவிலே கால் ஊன்றி நின்று கொழுந்தெடுத்து, முதுகில் 15, 20 கிலோவோடு மடுவத்துக்கு இறங்கி வருகிறோம். இப்படி 30 வருஷம் போனால் முட்டிக்குள்ளே எலும்புக்கு மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரச ஆரம்பிக்கிறது. தைலம் தேய்க்கிறோம். பெனடோல் போடுகிறோம். டிஸ்பென்சரிக்கு நடக்கிறோம். கடைசியில் கிளினிக்கில் டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை மாத்தத்தான் வேணும்" என்கிறார்.

மாத்துவது என்றவுடன் நம் ஆட்கள் பயந்து போகிறார்கள். காலை வெட்டி எடுத்துவிட்டு இரும்புக் கால் வைப்பார்கள் என்று போன மாசம் ஒரு ஆத்தா எங்களிடமே சொன்னார். அப்படி இல்லை. தொடை எலும்பின் அடி நுனியிலும் கெண்டைக்கால் பக்கத்து எலும்பின் தலையிலும் தேய்ந்த பாகத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டு, அந்த இரண்டுக்கும் உலோகத்தால் மூடி போட்டு, நடுவில் வழுக்குகிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். கால் நம்முடைய கால்தான். தசை, நரம்பு, தோல் எல்லாம் நம்முடையதுதான். அது எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டால், 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 100க்கு 82 புது முழங்கால்கள் 25 வருஷம் நின்றதாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் லயத்துக் கூரைத் தகரம் அவ்வளவு காலம் நிற்குமா என்பது சந்தேகம்.

ஒபரேஷனைப் பற்றி டொக்டர்மார் சொல்லுவார்கள். அது ஒரு மணி, இரண்டு மணி நேரத்து வேலை. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கிற ஆறு கிழமை, மூன்று மாசம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம். அதற்குக் காரணமும் இருக்கிறது.

மேட்டு லயத்து அக்கா ஒருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். "பேரைச் சொல்ல வேணாம் சேர், கதையைச் சொல்லுங்க" என்று நேற்று அனுமதி கொடுத்துவிட்டார். பேர் சொல்லாவிட்டாலும் உங்கள் எல்லாருக்கும் ஆள் தெரியும், அது வேறு விஷயம்.

35 வருஷம் கொழுந்தெடுத்தவர். வலது முட்டி முடியாமல் போய், இரண்டு வருஷம் கிளினிக்குக்கு அலைந்து, கடைசியில் திகதி கிடைத்தது. ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வார்ட்டில் எழுப்பி, வோக்கரைப் பிடித்து நாலு எட்டு நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் துண்டு வெட்டினார்கள். வேன் வந்து நின்றபோது லயமே கூடி நின்றது. பெரிய மகன் அம்மாவைக் கீழே கால் வைக்க விடவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தான். முட்டிக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தார்கள். மகள் பேரை விட்டுவிட்டு வீட்டில் நின்றாள். சோறு கட்டிலுக்கு வந்தது, சாயத்தண்ணி கட்டிலுக்கு வந்தது, வெளிக்குப் போவதற்கும் கட்டிலிலேயே பேசின். "அசையாதீங்க அக்கா, உள்ளுக்கு வச்சது கழண்டுரும்" என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் வேறு.

வார்ட்டில் ஒரு கடுதாசி கொடுத்து அனுப்பியிருந்தார்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் எழுதி. அது சிங்களத்தில் இருந்தது. வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் நாங்கள் பார்க்கப் போனோம். கட்டிலையும் தலையணையையும் மகள் ஓடியாடிப் பார்ப்பதையும் கண்டு எங்களுக்கு மனசு நிறைந்து போனது. "மகள் என்றால் இப்படித்தான் இருக்கணும். நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா, அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். கடுதாசி ஏதும் தந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கேட்கவில்லை.

ஆறு கிழமை கழித்து கிளினிக்குக்கு நாங்களும் கூடப் போனோம். அக்காவின் முட்டி பாதி மடக்கிய பேனாக்கத்தி மாதிரி நின்றது. நீட்டவும் வரவில்லை, அதற்கு மேல் மடக்கவும் வரவில்லை. பிசியோதெரபி மிஸ் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் முட்டிக்குக் கீழ தலகாணி வச்சது?" என்று கேட்டார். மகள் அங்கேயே அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நாங்களும் பார்த்தோம், பாராட்டிவிட்டு வந்தோம் என்று அப்போது சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்கிறோம்.

பிறகு திரும்பவும் வார்ட்டில் சேர்த்து, மயக்க மருந்து கொடுத்து, டொக்டர் கையாலேயே முட்டியை மடக்கி இளக்கினார். அதனால் இன்றைக்குக் கதிரையில் உட்கார்ந்து எழும்ப முடிகிறது. ஆனால் கால் முழுசாக நீளவில்லை, நடையில் ஒரு நொண்டல் நின்றுவிட்டது. இப்போது இடது முட்டிக்கும் திகதி வந்திருக்கிறது. அக்காவுக்குப் போக மனசில்லை. பணிய லயத்து அம்மா ஒருவரும் அடுத்த மாசம் போகிறார். அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஏன் அப்படி ஆனது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் லேசு. ஒபரேஷன் செய்த முட்டி வீங்கியிருக்கும். வீங்கின முட்டிக்குச் சுகமான நிலை பாதி மடங்கின நிலைதான். தலையணை வைத்தால் வலி குறைகிற மாதிரி இருக்கும், நோயாளியும் "அப்பாடா" என்பார். ஆனால் உள்ளே காயம் ஆறும்போது, கால் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே தழும்பு இறுகும். நனைந்த படங்கை மடித்துப் போட்டுக் காயவிட்டால் மடிப்பிலேயே விறைத்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான். தலையணை வைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். ஒரு துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முட்டியை வெறுமனே தொங்கவிட்டால் அதன் பாரத்திலேயே அது நீளும். ஒரு தடவைக்கு 5 நிமிஷம், 10 நிமிஷம், ஒரு நாளைக்குப் பல தடவை. வலிக்கத்தான் செய்யும்.

கட்டிலில் இருந்தபடியே செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு. பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. முழித்திருக்கிற நேரம் எல்லாம் மணிக்கு ஒரு தடவை 10, 20 ஆட்டு. இது ரத்தம் கட்டாமல் இருக்க. அடுத்தது, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அமுக்கி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பத்துத் தடவை. பிறகு குதிக்காலைப் பின்னால் இழுத்து முட்டியை மடக்குவது. லயத்துக் கட்டிலில் கம்பளி விரித்திருந்தால் குதிக்கால் வழுக்காது. அதற்குப் பணிய லயத்துத் தாத்தா ஒருவரின் பேத்தி நல்ல வழி கண்டுபிடித்தாள். கடைச் சொப்பிங் பேக் ஒன்றைக் குதிக்காலுக்குக் கீழே போட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பிள்ளை சாதாரண தரம் படிக்கிறாள். கொப்பியில் கோடு போட்டு, காலை, பகல், பின்னேரம் என்று எழுதி, தாத்தா செய்யச் செய்ய சரி போட்டாள். "வாத்திமாரை விட இவ மோசம் சேர்" என்று தாத்தா சொல்லுவார். அவர் மூன்று மாசத்தில் ஒற்றைத் தடியோடு கடைவீதிக்குப் போய் வந்தார்.

கதிரையில் உட்கார்ந்தும் மடக்கலாம். பாதத்தைத் தரையில் வைத்து மெல்லப் பின்னால் இழுத்து, நல்ல காலால் இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது. ஆறு கிழமைக்குள் முட்டி கதிரையில் ஒழுங்காக உட்காருகிற அளவாவது மடங்க வேண்டும். அதைத்தான் 90 பாகை என்கிறார்கள். பலருக்கு அதற்கு மேலும் வரும். அவரவர் கணக்கை டொக்டரும் பிசியோதெரபி மிஸ்ஸும் சொல்லுவார்கள், அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

வலி மாத்திரையை வலி தாங்க முடியாமல் போன பிறகு போடாதீர்கள். பயிற்சி செய்வதற்கு அரை மணி நேரம் முந்திப் போட்டால் கால் சொல்வதைக் கேட்கும். மாத்திரை போட்டால் பழகிவிடும் என்று பயந்து வீசிவிட்டு, பிறகு வலிக்குப் பயந்து காலையே அசைக்காமல் கிடப்பது நம் ஆட்களிடம் நிறைய. சில மாத்திரைக்கு மலம் இறுகும். தண்ணி, கீரை, பப்பாசி சேருங்கள், அப்படியும் போகாவிட்டால் சொல்லுங்கள். செய்யும்போது வலிப்பது பயப்படுகிற விஷயம் இல்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடி, முந்தின நாளை விட மோசமாக இருந்தால் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

ஐஸ் வைக்கச் சொல்லுவார்கள். பிரிஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்டார்கள். நம் பீலித் தண்ணி விடியக்காலையில் கை வைக்க முடியாத குளிர்தானே. அதைத் தடித்த பையில் கட்டி, துவாயில் சுற்றி, 15, 20 நிமிஷம் வையுங்கள். காயம் நனையக் கூடாது, பை ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். ஒத்தடம் என்று சுடுதண்ணி, சுடு மணல், வேப்பிலை வதக்கல் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெய், சித்தாலேப இரண்டும் காயத்துப் பக்கமே போகக் கூடாது. அந்த முட்டியைப் பிடித்து நீவுகிறவர்கள் தோட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கைராசியை நாங்கள் குறை சொல்லவில்லை, சுளுக்குக்கு நாங்களே போயிருக்கிறோம். இந்த முட்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனி வீடு. ஒபரேஷனுக்குப் போகிறதுக்கு முந்தியே வீட்டைத் தயார் செய்ய வேண்டும், வந்த பிறகு ஓடக் கூடாது. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் கட்டில் ஒன்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். உட்காருகிற கதிரைக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், தாழ்ந்ததாக இருக்கக் கூடாது. ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் கதிரையை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் உயரமும் கிடைக்கும், பலமும் கிடைக்கும். இஸ்தோப்பில் சாக்கு விரித்திருப்பதை எடுத்துவிடுங்கள், வோக்கர் அதில்தான் சிக்கும். நாய்க்குட்டியையும் கொஞ்ச நாளைக்கு வெளியே கட்டுங்கள். பாத்ரூம் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ள செருப்பு வேண்டும்.

பெரிய பிரச்சினை கக்கூஸ். நம் கக்கூஸ் குந்தி இருக்கிறது, அதுவும் லயத்துக்குப் பின்னால் படி இறங்கிப் போக வேண்டும். புது முட்டியோடு குந்த முடியாது. ஆரம்பத்தில் மட்டும் இல்லை, பலருக்கு எப்போதுமே குந்துகிற அளவுக்கு மடங்காது. இதை முந்தியே சொல்லாததால் ஏமாந்து போகிறவர்கள் நிறைய. அதனால் கொமட் கதிரை ஒன்று வேண்டும். வாங்க வசதி இல்லாவிட்டால் பலமான பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தை உரசி மழமழப்பாக்கி, கக்கூஸ் மேல் வைக்கலாம். நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பாரம் கூடிய ஆள் ஒருவர் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் மேசன் தம்பி இரண்டு வீட்டுக்குச் செய்து கொடுத்திருக்கிறார், கூலி வாங்கவில்லை. ராத்திரிக்கு மட்டும் காம்பராவுக்குள் மறைப்புக் கட்டி வைத்துக்கொள்ளலாம். இருட்டில் படி இறங்கி விழுந்தால் எல்லாம் போச்சு.

படிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒபரேஷன் செய்த கால் முதலில். "ஏற நல்ல கால், இறங்க புதுக் கால்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் மறக்க விடமாட்டார்கள். தடி பிடிக்கிற காலம் வந்தால், ஒபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம் ஆட்கள் நோகிற பக்கத்தில்தான் பிடிப்பார்கள். மட்டக்கம்பை ஊன்றி நடக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அடியில் ரப்பர் போட்ட தடி வேண்டும், உயரமும் அளந்து எடுக்க வேண்டும்.

காயத்தைப் பற்றி. 10இலிருந்து 14 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். ஆறும் வரைக்கும் பீலியில் குளிக்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது, அடுப்படிக் கையால் தொடக் கூடாது. முட்டி மாசக்கணக்கில் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் வீக்கமாகவும் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு இடம் மரத்த மாதிரி இருக்கும். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கலாம். இதற்கெல்லாம் பயம் வேண்டாம். ஆனால் காயத்தில் இருந்து சீழோ நாற்றமோ வந்தாலும், காய்ந்த காயம் திரும்ப நனைந்தாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் நடுக்கம் வந்தாலும், குறைந்து வந்த வலி திடீரென்று கூடினாலும் அன்றைக்கே ஒபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம். பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்கவும் வேண்டாம். என்ன கிருமி என்று டொக்டர் பார்க்கிறதுக்கு முந்தி அரைகுறை மருந்து போட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும்.

கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அப்படி வந்தால் பக்கத்து வீட்டில் யோசனை கேட்க நேரம் இல்லை. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. பெரிய பாதைக்குக் கிட்டக் கொண்டுவந்து வைக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் யார் என்று முந்தியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ கொடுத்திருப்பார்கள், அதைச் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போட வேண்டும். அந்த மருந்து போடுகிற நாளில் அட்டை கடித்தால் ரத்தம் நிற்க நேரம் எடுக்கும், பயந்துவிடாமல் துணியை வைத்து அமுக்கிப் பிடியுங்கள்.

அட்டை என்றவுடன் இன்னொன்று. புது முட்டிக்கு உடம்பில் வேறு எங்கே கிருமி இருந்தாலும் ஆபத்து. சொத்தைப் பல், காலில் சேற்றுப்புண், அட்டைக்கடியைச் சொறிந்து வந்த புண், எரிச்சலோடு மூத்திரம் போவது, இதில் எதில் இருந்தும் கிருமி ரத்தத்தோடு போய் அந்த உலோகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும் பாடு, சில நேரம் திரும்ப ஒபரேஷன். இது முதல் ஆறு கிழமைக்கு மட்டும் இல்லை, எப்போதும். அதனால் போகிறதுக்கு முந்தி பல்லைக் காட்டுங்கள். வெத்திலை போடுகிற தாய்மார்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறாது. ரத்தம் குறைவா என்றும் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற வீடு மாதிரி முட்டையை நிறுத்து, மீனை நிறுத்து என்று சொல்லாதீர்கள். டொக்டர் வேறு காரணத்துக்குத் தடுத்திருந்தால் ஒழிய, முட்டை, பருப்பு, கருவாடு இல்லாத மீன், நெத்தலி, கீரை எல்லாம் கொடுங்கள். ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. சிகரட், சாராயம் வேண்டாம், அதை விரிக்கத் தேவையில்லை.

இனி நாங்கள் சொல்லப் போவதை யாரும் கடுதாசியில் எழுதித் தருவதில்லை. இரண்டாம் மூன்றாம் கிழமையில் மனசு விழும். ராத்திரி தூக்கம் வராது. பக்கத்தில் எல்லாரும் குறட்டை விடும்போது முட்டி மட்டும் முழித்திருக்கும். "இதுக்கா செஞ்சேன், பழைய முட்டியே நல்லா இருந்துச்சே" என்று தோன்றும். மேட்டு லயத்து அக்கா அழுதார், தாத்தாவும் அழுதார், பேத்திக்குத் தெரியாமல். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருகிறது, வந்து போகிறது. அந்த நேரத்தில் "அதுதான் அப்பவே சொன்னேன், வெட்டாதீங்கன்னு" என்று ஒரு சொந்தக்காரர் வந்து சொல்லாமல் இருந்தால் பெரிய உதவி. வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு எத்தனை தடவை மடக்கினீங்க மாமா?" என்று கேளுங்கள். இஸ்தோப்பு வரைக்கும் கூட நடந்துவிட்டு வாருங்கள். முதல் கிழமை வாசல் வரைக்கும், அடுத்த கிழமை பீலிக்கரை வரைக்கும், இப்படிக் கூட்டிக்கொண்டு போகலாம். முழுப் பலம் வர ஒரு வருஷம் கூட எடுக்கும்.

வீட்டில் நிற்கிறவர்களின் பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டு லயத்து அக்காவின் மகள் ஆறு கிழமையும் வேலைக்குப் போகவில்லை. அந்த மாசம் செக்ரோலில் அந்தப் பிள்ளைக்கு விழுந்த பேர் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும், கடைக் கணக்கு எவ்வளவு ஏறினது என்றும் தெரியும். தாத்தா வீட்டில் முதல் பத்து நாள் மருமகள் நின்றாள். அதற்குப் பிறகு அவர் தானே எழும்பி, தானே முகம் கழுவி, மூடி வைத்த சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். பகலில் பக்கத்து வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்துக்கொண்டார். நடக்க வைத்தால் மருமகளுக்குப் பேர் விழுகிறது, படுக்க வைத்தால் இரண்டு பேரும் படுத்த மாதிரி. தனியாக விடலாமா என்பதை மட்டும் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தலை சுற்றுகிறவர்கள், வேறு வருத்தக்காரர்கள் விஷயம் வேறு.

திரும்ப வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு எங்களால் ஒரே பதில் சொல்ல முடியாது. பாரமான வேலைக்கு மூன்று மாசமாவது ஆகும், டொக்டர் விட்டால்தான். செங்குத்தான மலையில் கூடையோடு இறங்குவது புது முட்டிக்கு நல்லது இல்லை. லேசான வேலை கேட்டு டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், ஒப்பிசில் நாங்கள் கூட நின்று பேசுகிறோம். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க எங்களிடம் அதிகாரம் இல்லை. ஒரு தடவை கேட்டுக் கிடைத்தது, ஒரு தடவை கிடைக்கவில்லை.

கோயிலில் தரையில் உட்கார முடியாதே என்று ஒரு அம்மா கவலைப்பட்டார். பூசாரி ஐயாவிடம் சொல்லி, தூணுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டாகிவிட்டது. மாதா கோயிலில் முழந்தாள் படியிடுகிறவர்களும் பாதரிடம் கேட்டு உட்கார்ந்தே ஜெபிக்கலாம். தீ மிதிப்பு நேர்ச்சை வைத்திருக்கிறவர்கள் அம்மனிடம் கொஞ்சம் தவணை கேளுங்கள்.

இப்போது நம் வேலை. பணிய லயத்து அம்மா போகிற திகதிக்கு முந்தின சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டில் கூடுவோம். படிக்கு மூங்கில் கைப்பிடி கட்ட வேண்டும், கட்டிலுக்குக் கட்டை வைத்து உயர்த்த வேண்டும். இளைஞர் சங்கத் தம்பிமார் இரண்டு பேர் வந்தால் போதும். வார்ட்டில் எந்தக் கடுதாசி கொடுத்தாலும், எந்தப் பாஷையில் இருந்தாலும், அன்றைக்கே எங்களிடம் கொண்டு வாருங்கள். தமிழில் எழுதித் தருகிறோம். சாமிப் படத்துக்குப் பின்னால் அப்புறம் வைக்கலாம்.

நலன்புரி ஒப்பிசில் வோக்கர் ஒன்று இருக்கிறது. கொமட் கதிரை தாத்தா வீட்டில் இருந்து கழுவி வந்துவிட்டது. ரப்பர் போட்ட தடி இரண்டில் ஒன்று மட்டும்தான் திரும்பி வந்தது. மற்றது யார் வீட்டில் இருக்கிறதோ, தயவுசெய்து இந்தக் கிழமைக்குள் கொண்டு வந்து தாருங்கள். ஒன்றும் கேட்க மாட்டோம்.

மேட்டு லயத்து அக்கா கூட்டம் தொடங்க முந்தி எங்களிடம் ஒன்று சொன்னார். இடது முட்டிக்குப் போவதென்றால் வீட்டில் உள்ள தலையணை எல்லாவற்றையும் சேர் கொண்டு போய் ஒப்பிசில் பூட்டி வைக்க வேண்டுமாம். வைக்கிறோம் அக்கா. நீங்கள் திகதியை மட்டும் மாற்ற வேண்டாம்.